கற்பிக்கக் கற்றல்

நுழையும்முன்

ஆசிரியப் பணிக்குரிய பட்டயமும் பட்டமும் தேர்வெழுதிப் பெறத்தக்கவை. கற்பிக்கும் திறனோ வகுப்பறையில், உடன் பணியாற்றுவோரின் துணையோடு பல ஆண்டுகளில் முதிர்வது. பட்டத்துக்கும் திறனுக்கும் இடையே உள்ள தொலைவு எவ்வளவு? அத்தொலைவை ஆசிரியர் தனியே கடக்க வேண்டியிருப்பது ஏன்? அதற்கான விலையைக் கொடுப்பவர் யார்? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நன்னூல் காட்டும் கணக்கு

கல்வி ஒருவரிடம் எவ்வாறு நிறைவடைகிறது என்பதைத் தமிழ் இலக்கண நூலார் நெடுங்காலத்துக்கு முன்பே ஆராய்ந்துள்ளனர். 13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்னும் சிற்றரசனின் வேண்டுகோளுக்கிணங்கப் பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், எழுத்தையும் சொல்லையும் விளக்கப் புகுமுன் ஆசிரியர், மாணவர், கற்பித்தல், கற்றல் ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. அந்நூலின் பொதுப்பாயிரம் நல்லாசிரியருக்கு நிலம், மலை, துலாக்கோல், மலர் ஆகியவற்றை உவமையாக்குகிறது. ஆசிரியராகத் தகாதவருக்கும் அது நான்கு உவமைகள் கூறுகிறது. போட்ட முறையில் அன்றி வேறு முறையில் காய்களை வெளித்தள்ளும் கழற்குடம், தன்மேல் ஏறவிடாமல் தானாக விழும் பழத்தை மட்டுமே தரும் மடற்பனை, அடைத்த பஞ்சை எளிதில் வெளிவிடாத பருத்திக் குண்டிகை, நீர் வார்த்தவருக்குப் பயன்படாமல் பிறருக்குக் காய் தரும் முடத்தெங்கு என்பன அவை.

இந்நான்கிலும் ஓர் ஒற்றுமை உண்டு. குடத்தில் காய் இருக்கிறது, பனையில் பழம் இருக்கிறது, குண்டிகையில் பஞ்சு இருக்கிறது, தென்னையும் காய்க்கிறது. இருந்தும் வேண்டியவருக்கு வேண்டிய முறையில் அது சென்று சேரவில்லை. பொருளறிவு உடையவர் அனைவரும் கற்பிக்க வல்லவர் ஆகார் என்பதை இவ்வுவமைகள் உணர்த்துகின்றன. கற்பித்தல் என்பது பாட அறிவின் மேல் அமையும் தனியொரு திறன் என்னும் இன்றைய கல்வியியலின் அடிப்படைக் கருத்து, எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய தமிழ் நூலிலேயே இடம்பெற்றிருக்கிறது.

அத்திறன் எவ்வாறு வாய்க்கும் என்பதற்கும் நன்னூலில் ஒரு குறிப்புக் கிடைக்கிறது. ஆசிரியர் சொல்வதை முழுமையாகக் கேட்டுக்கொண்டாலும் மாணவருக்குக் கிட்டுவது காற்பங்குப் புலமையே. உடன் கற்பவரோடு கலந்து பயிலும்போது இன்னொரு காற்பங்கு சேர்கிறது. எஞ்சிய அரைப்பங்கு, கற்றதைப் பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் நிறைகிறது. நன்னூலார் இதனை மாணவருக்காகச் சொன்னார். ஆயினும் கற்பித்தல் என்னும் கலையைக் கற்கும் ஆசிரியருக்கும் இக்கணக்கு அப்படியே பொருந்துகிறது. பயிற்சி நிறுவனம் ஒரு காற்பங்கைத் தருகிறது. உடன் பணியாற்றும் ஆசிரியர்கள் ஒரு காற்பங்கைத் தருகின்றனர். எஞ்சிய அரைப்பங்கை மாணவர்களே தருகின்றனர்.

இன்றைய ஆசிரியர் கல்வியின் குறை, இக்கணக்கில் முதற்காலை மட்டுமே முழுமையெனக் கொள்வதுதான். பட்டம் வழங்குவதோடும் தகுதியைச் சோதிப்பதோடும் அதன் பொறுப்பு ஏறத்தாழ முடிந்துவிடுகிறது. எஞ்சிய முக்கால் பங்கு ஆசிரியரின் தனிப்பட்ட ஆர்வத்துக்கும் நற்பேற்றுக்கும் விடப்படுகிறது.

தெரிந்து தெளிவோம்
சென்னையில் பிறந்த கல்வி முறை

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஆண்ட்ரூ பெல், 1789இல் சென்னையில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான காப்பகத்தின் கண்காணிப்பாளரானார். நாட்டுப்புறப் பள்ளியொன்றில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் பள்ளியில் புகுத்தினார். முன்னேறிய மாணவரைக் கொண்டே பிற மாணவருக்குக் கற்பிக்கவும் செய்தார். திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை செய்துவந்த பணியை இது ஒத்திருந்தது. இம்முறையை விளக்கி அவர் எழுதிய நூல் 1797இல் இலண்டனில் வெளிவந்தது. பின்னர், ‘சென்னை முறை’ என்னும் பெயரில் அது இங்கிலாந்தில் பரவியது. பிறருக்குக் கற்பிப்பவர் தாமும் கற்கிறார் என்பதே அம்முறையின் உட்கருத்து.

பயிற்சி நிறுவனம் தரும் காற்பங்கு

தமிழகத்தில் ஆசிரியர்களுக்கான முறையான பயிற்சி ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உடையது. 1856இல் சென்னையில் தொடங்கப்பட்ட அரசு ஆசிரியர் பயிற்சிப் பள்ளியே பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது. இன்று மேல்நிலைக் கல்வியை முடித்தவர்கள் தொடக்கக் கல்விப் பட்டயப் பயிற்சியில் இரண்டு ஆண்டுகள் பயின்று தொடக்க வகுப்புகளுக்குக் கற்பிக்கலாம். பட்டம் பெற்றவர்கள் கல்வியியல் இளையர் பட்டம் பெற்றுப் பட்டதாரி ஆசிரியர் ஆகலாம். 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையின் விளைவாக மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்கள் தோன்றின. 2008இல் தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் நிறுவப்பட்டது.

இவ்வமைப்புகள் தருவன மதிக்கத்தக்கவை. குழந்தையின் வளர்ச்சிப் பருவங்கள், கற்றல் நிகழும் முறை, மொழியும் கணக்கும் கற்பிக்கும் நெறிகள், மதிப்பீடு, சிறப்புத் தேவையுடைய குழந்தைகளை அரவணைக்கும் வகுப்பறை ஆகியவற்றைப் பயிற்சி மாணவர் அங்கு அறிகிறார். நாள்தோறும் கற்பிக்க வேண்டுவதைப் பாடக்குறிப்பாக வகுத்தெழுதப் பழகுகிறார். துணைக்கருவிகள் செய்யக் கற்கிறார். பயிற்சியே பெறாத ஒருவர், தாம் எவ்வாறு கற்பிக்கப்பட்டாரோ அவ்வாறே பிறருக்கும் கற்பிப்பார். வேறு வழிகளும் உண்டு என்று காட்டுவது பயிற்சியின் முதற்பயன்.

ஆனால், பள்ளியிலிருந்து விலகி நிற்கும் பயிற்சி விரைவில் சடங்காகிவிடும். டி.எஸ். கோத்தாரி தலைமையில் 1964 முதல் 1966 வரை செயற்பட்ட கல்விக் குழு, ஆசிரியர் பயிற்சி நிறுவனங்கள் பல்கலைக்கழகத்தின் அறிவு வாழ்விலிருந்தும் பள்ளிகளின் அன்றாடச் சிக்கல்களிலிருந்தும் தனிமைப்பட்டு நிற்பதைச் சுட்டிக் காட்டியது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின்னரும் அக்குறை நீங்கவில்லை. உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அளித்த அறிக்கை, ஆசிரியர் கல்வியின் தரம் குறித்துக் கவலை தெரிவித்தது. அதன்பின் வகுக்கப்பட்ட 2014ஆம் ஆண்டு விதிமுறைகள், ஓராண்டுப் படிப்பாக இருந்த கல்வியியல் இளையர் பட்டத்தை இரண்டாண்டுப் படிப்பாக்கின. பள்ளியில் மேற்கொள்ளும் களப்பயிற்சிக்கு 20 வாரங்களும் ஒதுக்கப்பட்டன.

20 வாரம் என்பது நல்ல முன்னேற்றம். எனினும், அவ்வாரங்களில் நிகழ்வது என்ன என்பதே அதன் பயனை முடிவு செய்யும். களப்பயிற்சிக்கு வரும் பயிற்சி மாணவரை, விடுப்பெடுத்த ஆசிரியரின் வகுப்பை அமைதியாக வைத்திருக்கப் பயன்படுத்தும் பள்ளிகள் உள்ளன. மேற்பார்வையாளர் வரும் நாளுக்காக ஒரு பாடத்தைப் பலமுறை ஒத்திகை பார்த்து, வண்ண அட்டைகளுடன் நடத்திக் காட்டும் வழக்கமும் உள்ளது. அத்தகைய வகுப்பில் மாணவர்கள் விடைகளை முன்னமே அறிந்திருக்கின்றனர். பயிற்சி மாணவர் அங்குக் கற்பது காட்சிப்படுத்தும் கலை. கற்பிக்கும் கலை அவருக்கு இன்னும் தொலைவிலேயே இருக்கிறது.

தகுதியைச் சோதிப்பதிலும் இதே எல்லையைக் காணலாம். குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நாளில் நடைமுறைக்கு வந்தபின் ஆசிரியர் தகுதித் தேர்வு நாடெங்கும் நடத்தப்படுகிறது. தமிழ்நாட்டில் இத்தேர்வு 2012இல் தொடங்கியது. 150 வினாக்களுக்குக் கொடுக்கப்பட்ட விடைகளிலிருந்து சரியானவற்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு இது. பாட அறிவும் உளவியல் அறிவும் இல்லாதவர் வகுப்பறைக்குள் நுழைவதை அது தடுக்கிறது. அவ்வளவில் அது தேவையான வாயில். ஆயினும், அழுதுகொண்டு வரும் ஆறு வயதுக் குழந்தையை அமர வைக்கவும், ஒரே வகுப்பில் எழுத்தறியாதவரையும் சரளமாகப் படிப்பவரையும் ஒருங்கே நடத்தவும் வல்லவரா என்பதை அத்தேர்வால் அறிய இயலாது.

முதல் நாள் வகுப்பு

குஜராத்தைச் சேர்ந்த கிஜுபாய் பதேக்கா வழக்கறிஞராக இருந்து குழந்தைக் கல்விக்குத் தம்மை ஒப்படைத்தவர். 1920இல் பாவ்நகரில் குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கிய அவர் எழுதிய ‘திவாஸ்வப்னம்’ என்னும் நூல், ‘பகற்கனவு’ என்னும் பெயரில் தமிழிலும் கிடைக்கிறது. அதில் வரும் ஆசிரியர், நான்காம் வகுப்பொன்றில் ஓராண்டு முழுவதும் புதுமுறையில் கற்பித்துப் பார்க்க இசைவு பெறுகிறார். கல்வி நூல்களைக் கற்றுத் தெளிந்து, விரிவான திட்டத்துடன் வகுப்புக்குச் செல்கிறார். முதல் நாளே அத்திட்டம் குலைந்துபோகிறது. அமைதிக்காக அவர் வகுத்த விளையாட்டு, மாணவர்களின் கூச்சலில் முடிகிறது. வீடு திரும்பி மீண்டும் சிந்தித்த அவர், மறுநாள் கதை சொல்வதிலிருந்து தொடங்குகிறார். வகுப்பு மெல்ல அவர்பக்கம் திரும்புகிறது.

கற்பனைப் படைப்பே ஆயினும், புதிதாகப் பணியேற்கும் ஆசிரியர் பலரின் முதல் நாளை அந்நூல் காட்டுகிறது. அந்த ஆசிரியருக்குக் கல்வி அதிகாரி ஒருவரின் ஆதரவும், தவறிப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் உரிமையும் இருந்தன. நடைமுறையில் பணியேற்கும் ஆசிரியருக்கு இவை வாய்ப்பது அரிது. மருத்துவம் பயின்றவர் ஓராண்டு பயிற்சி மருத்துவராக மூத்தோரின் கண்காணிப்பில் பணியாற்றிய பின்னரே தனித்து மருத்துவம் பார்க்கிறார். புதிய வழக்கறிஞர் மூத்த வழக்கறிஞரிடம் இளையவராகச் சேர்ந்து தொழில் பழகும் வழக்கம் உள்ளது. தச்சுத் தொழிலிலும் நெசவிலும்கூடப் புதியவர் கைதேர்ந்தவரின் அருகில் அமர்ந்தே கற்கிறார். ஆசிரியரோ பணியாணை பெற்ற நாளில், 20 ஆண்டுகள் பணியாற்றியவருக்குரிய அதே பாடவேளைகளையும் அதே மாணவர் எண்ணிக்கையையும் ஏற்கிறார். வகுப்பறையின் கதவு மூடிக்கொண்டபின் அவர் தனியர்.

சிற்றூர்த் தொடக்கப் பள்ளியில் இத்தனிமை இன்னும் கடுமையானது. ஈராசிரியர் பள்ளியில் இருவர் சேர்ந்து ஐந்து வகுப்புகளை நடத்துகின்றனர். முதல் வகுப்புக் குழந்தை எழுத்தைத் தொடங்கும் அதே அறையில் மூன்றாம் வகுப்புக் குழந்தை பெருக்கல் கற்க வேண்டும். ஒரு வகுப்பை மனத்திற்கொண்டு எழுதப் பழகிய பாடக்குறிப்பு அங்குப் போதவில்லை. இருவருள் ஒருவர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ சென்றுவிட்டால், பள்ளி முழுவதும் மற்றவர் பொறுப்பாகிறது. ஐயம் எழுந்தால் கேட்பதற்கு அருகில் ஒருவரும் இல்லை.

இத்தனிமையில் பெரும்பாலான ஆசிரியர்கள் தட்டுத் தடுமாறித் தாமே கற்றுக்கொள்கின்றனர். மூன்றாண்டுகளிலோ ஐந்தாண்டுகளிலோ அவர்களுள் பலர் நல்லாசிரியர் ஆகின்றனர். அதுவரை அந்தக் கற்றலுக்கான விலையைக் கொடுப்பவர் மாணவர். ஆசிரியருக்கு அடுத்த ஆண்டு வேறொரு மூன்றாம் வகுப்பு கிடைக்கும். அக்குழந்தைக்கோ மூன்றாம் வகுப்பு ஒருமுறைதான். படித்த பெற்றோரும் தனி வகுப்பும் உள்ள குழந்தை அந்த இழப்பை வீட்டில் ஈடுசெய்துகொள்ளலாம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கு வந்த குழந்தைக்கு ஆசிரியரை விட்டால் வேறு துணையில்லை. ஆதலின், புதிய ஆசிரியரைத் தனியே விடுவது சமத்துவத்துக்கும் எதிரானது.

உடன் பணியாற்றுவோர் தரும் காற்பங்கு

இரண்டாவது காற்பங்கை முறையாகப் பெறுவதற்கு ஜப்பான் ஒரு சான்று. அந்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில், ‘பாட ஆய்வு’ என்று பொருள்படும் ‘ஜுகியோ கென்கியூ’ என்னும் வழக்கம் நெடுங்காலமாக நிலவுகிறது. ஆசிரியர் சிலர் கூடி ஒரு பாடத்தைத் தேர்ந்தெடுக்கின்றனர். அதில் மாணவர் எங்கு இடறுவர், எவ்வினாவை முதலில் கேட்பது, கரும்பலகையில் எதனை எங்கு எழுதுவது என்பனவற்றைச் சேர்ந்து திட்டமிடுகின்றனர். அவர்களுள் ஒருவர் அதனை நடத்த, ஏனையோர் வகுப்பறையில் நின்று மாணவர்களைக் கவனிக்கின்றனர். பின்னர் அனைவரும் அமர்ந்து கண்டவற்றை ஆராய்கின்றனர். பாடம் திருத்தப்பட்டு வேறொரு வகுப்பில் மீண்டும் நடத்தப்படுவதும் உண்டு. ஆராயப்படுவது பாடமே தவிர ஆசிரியர் அல்லர். அதனால் அங்குக் குறை கூறுவதும் கேட்பதும் இயல்பாகின்றன.

தமிழகத்தில் இதற்கான அமைப்பு இல்லாமலில்லை. பள்ளிகளை ஒருங்கிணைக்கும் வட்டார வள மையங்களும் குறுவள மையங்களும் உள்ளன. அருகருகே உள்ள பள்ளிகளின் ஆசிரியர்கள் குறுவள மையத்தில் கூடுகின்றனர். ஆசிரியர் பயிற்றுநர்கள் பள்ளிகளுக்கு வருகின்றனர். கோடை விடுமுறையிலும் ஆண்டின் இடையிலும் பணியிடைப் பயிற்சிகள் நடைபெறுகின்றன. தேசியக் கல்விக் கொள்கை 2020, ஆசிரியர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு 50 மணி நேரம் தொழில் வளர்ச்சிப் பயிற்சி பெற வேண்டும் என்கிறது.

பயிற்சியின் அளவைவிட அதன் திசையே இங்கு ஆராயத்தக்கது. மாநில அளவில் கருத்தாளர்கள் பயிற்சி பெறுகின்றனர். அவர்கள் மாவட்டத்துக்கும், மாவட்டத்தினர் வட்டாரத்துக்கும், வட்டாரத்தினர் ஆசிரியருக்கும் அதனைக் கொண்டு சேர்க்கின்றனர். வாய்க்கால் நீளுந்தோறும் கடைமடைக்குச் செல்லும் நீர் குறைவது போல், ஒவ்வொரு படியிலும் கருத்து மெலிகிறது. அதனினும் முதன்மையான குறை, நீர் ஒரே திசையில் பாய்வதாகும். கடைமடையில் நிற்கும் ஆசிரியரின் ஐயமோ கண்டுபிடிப்போ மேல்நோக்கிச் செல்ல வழியில்லை. மலைக்கிராமப் பள்ளியில் ஓராசிரியர் பல வகுப்புகளை ஒருசேர நடத்தக் கண்டறிந்த உத்தி, பத்துக் கல் தொலைவிலுள்ள அடுத்த பள்ளிக்கும் தெரிவதில்லை.

ஒருவர் வகுப்பை மற்றவர் பார்ப்பதற்கு இன்னொரு தடையும் உண்டு. பள்ளிகளில் வகுப்பைப் பார்வையிடுதல் என்பது ஆய்வு அலுவலரின் வருகையோடு தொடர்புடையதாகவே இருந்துவந்துள்ளது. அலுவலர் வந்தால் பாடக்குறிப்பேடு, பதிவேடு, மாணவர் குறிப்பேடு ஆகியன சரிபார்க்கப்படும். குறையிருந்தால் விளக்கம் கேட்கப்படும். அதனால், பின்வரிசையில் அமர்ந்து குறிப்பெடுக்கும் எவரையும் ஆசிரியர் அச்சத்துடனேயே நோக்குகிறார். மேற்பார்வைக்கும் கற்றுக்கொள்வதற்கும் உள்ள வேறுபாட்டை நிருவாகம் தெளிவாக வரையறுக்காத வரை, வகுப்பறைக் கதவு திறவாது.

மாணவர் தரும் அரைப்பங்கு

எஞ்சிய அரைப்பங்கே அளவில் பெரியது. அது மாணவரிடமிருந்து வருவது. முன்னாள் குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம், இராமேசுவரத்தில் தமக்குக் கற்பித்த சிவசுப்பிரமணிய ஐயரைப் பலமுறை நினைவுகூர்ந்துள்ளார். பறவை பறக்கும் முறையைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கிய அவ்வாசிரியர், புரிந்ததா என்று வினவினார். புரியவில்லை என்று மாணவர்கள் கூறினர். அவர் அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடித்து எழுவதையும் திசை திரும்புவதையும் நேரில் காட்டி விளக்கினார். பறத்தலைப் பற்றிய வேட்கை கலாமிடம் வேரூன்றியது அங்கேதான்.

இந்நிகழ்ச்சியில் கடற்கரைக் காட்சியே பலருக்கும் நினைவில் நிற்கும். தொழில் நோக்கில் அதற்கு முந்திய கணமே பெரிது. புரியவில்லை என்று சொல்லும் துணிவு அந்த மாணவர்களிடம் இருந்தது. அதனைத் தம் பாடத்தைப் பற்றிய செய்தியாக ஏற்று, வழியை மாற்றிக்கொள்ளும் பண்பு அவ்வாசிரியரிடம் இருந்தது. கவனக்குறைவு என்று மாணவரைக் கடிந்திருந்தால் பாடம் கரும்பலகையோடு முடிந்திருக்கும்.

மாணவரின் தவறான விடையும் இத்தகைய செய்தியே. 52இலிருந்து 27ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை உண்டு. தவறு என்று சிவப்பு மையால் குறியிடுவது எளிது. அவ்விடை வந்த வழியை ஆராயும் ஆசிரியர், ஒவ்வோர் இடத்திலும் பெரிய எண்ணிலிருந்து சிறிய எண்ணைக் கழித்திருப்பதைக் காண்பார். ஏழிலிருந்து இரண்டு போக ஐந்து. ஐந்திலிருந்து இரண்டு போக மூன்று. அக்குழந்தை கழித்தலை அறிந்திருக்கிறது. பத்தைக் கடன் வாங்குவதன் பொருளை அறியவில்லை. குச்சிக் கட்டுகளைப் பிரித்துக் காட்டினால் தீரும் ஐயத்தை, நூறு கழித்தல் கணக்குகளைத் திரும்பத் திரும்பப் போடச் செய்வதால் தீர்க்க முடியாது.

தமிழ் வகுப்பிலும் அவ்வாறே. ‘மரம்’ என்பதை ‘மறம்’ என்றெழுதும் மாணவருக்குப் பத்துமுறை எழுதும் தண்டனை பயன் தராது. அவர் இரண்டு ஒலிகளையும் வேறுபடுத்திக் கேட்கிறாரா, கேட்டும் எழுத்தை மாற்றுகிறாரா என்பதை ஆசிரியர் முதலில் அறிய வேண்டும். வீட்டில் தெலுங்கோ உருதோ பழங்குடி மொழியோ பேசும் குழந்தையின் பிழைக்கு வேறு காரணம் இருக்கலாம். இத்தகைய பிழைகளைத் தொகுத்து, காரணம் தேடி, ஒரு வழியைச் செய்து பார்த்து, பயனைக் குறித்து வைக்கும் ஆசிரியர் ஆராய்ச்சியாளரும் ஆகிறார். 20 ஆண்டுகள் பணியாற்றிய ஒருவரிடம் 20 ஆண்டு அனுபவம் இருக்கலாம்; ஓராண்டு அனுபவமே 20 முறை திரும்பவும் வந்திருக்கலாம். அவர் எதனைக் குறித்து வைத்தார், எதனை மாற்றினார் என்பதே இரண்டையும் வேறுபடுத்துகிறது.

மறுப்புகளும் விடைகளும்

ஆசிரியர் பிறக்கிறாரே அன்றி உருவாக்கப்படுவதில்லை என்னும் கருத்து பரவலாக உள்ளது. குரல்வளமும் நகைச்சுவையும் குழந்தைகள்பால் அன்பும் சிலருக்கு இயல்பிலேயே அமைகின்றன என்பது உண்மை. ஆயினும், தமிழ்நாட்டின் பள்ளிகளுக்கு இலட்சக்கணக்கான ஆசிரியர்கள் தேவை. இயல்பான ஆற்றல் உடையவரை மட்டும் தேடினால், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஆசிரியரே இல்லாது போவர். மேலும், குழந்தையின் தவறான விடையைப் படித்தறியும் திறன் எவருக்கும் பிறப்பால் வாய்ப்பதன்று. ஆசிரியர் பிறக்கிறார் என்னும் கூற்று, பாராட்டுப் போலத் தோன்றினாலும் அவரைப் பயிற்றும் கடமையிலிருந்து பிறரை விடுவிக்கவே பயன்படுகிறது.

நேரமில்லை என்பது இரண்டாவது மறுப்பு. இதில் நியாயம் உண்டு. வாக்காளர் பட்டியல், தேர்தல் பணி, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, நலத்திட்டப் பொருள் வழங்கல், இணையத்தில் விவரப் பதிவேற்றம் எனக் கற்பித்தல் சாராப் பணிகள் ஆசிரியர்மேல் குவிகின்றன. இவற்றோடு இன்னொரு பயிற்சியையும் சேர்த்தால் அது சுமையாகவே முடியும். எனவே, ஆசிரியரின் வளர்ச்சிக்கான நேரம் அவருடைய பணிநேரத்துக்குள்ளேயே ஒதுக்கப்பட வேண்டும். கற்பித்தல் சாராப் பணிகளைக் குறைப்பதே அதற்கு முதற்படி.

பொருளாதார நிலையையும் புறக்கணிக்க இயலாது. தொகுப்பூதியத்திலோ தனியார் பள்ளியில் குறைந்த ஊதியத்திலோ பணியாற்றி, அடுத்த ஆண்டு வேலை நிலைக்குமா என்று அஞ்சும் ஆசிரியரிடம் பத்தாண்டு நோக்கிலான தொழில் வளர்ச்சியை எதிர்பார்ப்பது முறையன்று. நிலையான பணியும் மதிப்பான ஊதியமும் தொழில் வளர்ச்சிக்கு அடித்தளம்.

செய்யத்தக்கன

மூன்று பங்குகளையும் இணைக்கப் பெருஞ்செலவு தேவையில்லை. புதிய ஆசிரியருக்கு முதலாண்டில் சில பாடவேளைகளைக் குறைத்து, அந்நேரத்தில் அனுபவமுள்ள ஆசிரியரின் வகுப்பில் அமரச் செய்யலாம். அவருக்கு வழிகாட்டும் மூத்த ஆசிரியருக்கும் அதற்கெனப் பாடவேளை ஒதுக்க வேண்டும். குறுவள மையக் கூட்டங்களில் சுற்றறிக்கை படிப்பதைக் குறைத்து, ஒரு பாடத்தைச் சேர்ந்து திட்டமிட்டு, நடத்திப் பார்த்து, விவாதிக்கலாம். அங்குக் கூறப்படும் எதுவும் ஆய்வறிக்கையில் இடம்பெறாது என்று உறுதியளிக்க வேண்டும். ஈராசிரியர் பள்ளியிலிருந்து ஒருவர் கூட்டத்துக்கு வரும் நாளில் மாற்று ஆசிரியர் அனுப்பப்பட வேண்டும். பயிற்சி நிறுவனப் பேராசிரியர்கள் ஆண்டில் சில வாரங்களேனும் பள்ளி வகுப்பில் தாமே கற்பிக்க வேண்டும். தாம் கற்பித்துப் பார்க்காத முறையைப் பிறருக்குப் பரிந்துரைப்பது அரிதாக வேண்டும்.

பயிற்சியின் பயனை மணிக்கணக்கால் அளப்பதும் மாற வேண்டும். 50 மணி நேரம் அமர்ந்திருந்ததற்குச் சான்றிதழ் தருவதைவிட, அவ்வாண்டில் அவ்வாசிரியர் தம் வகுப்பில் மாற்றிப் பார்த்த ஒன்றையும் அதனால் மாணவரிடம் விளைந்ததையும் கேட்டறிவது பொருத்தமானது. அவ்வாறு கண்டவற்றை ஆசிரியர்கள் தமிழிலேயே எழுதி வெளியிட வழி செய்தால், கடைமடையிலிருந்தும் நீர் மேலேறும்.

மேல்நிலைக் கல்வியை முடித்து ஆசிரியப் பணியைத் தேர்ந்தெடுக்க விரும்பும் இளைஞர்கள் ஒவ்வோர் ஆண்டும் உள்ளனர். பாதுகாப்பான வேலை என்பதற்காகச் சிலர் வருகின்றனர். தமக்கு வாய்த்த ஓர் ஆசிரியரைப் போல் ஆக வேண்டும் என்பதற்காகச் சிலர் வருகின்றனர். எந்நோக்கத்தோடு வந்தாலும், பட்டம் கையில் கிடைக்கும் நாளில் அவர்கள் கற்பித்தலில் காற்பங்கையே பெற்றிருப்பர். அதை அறிந்து வகுப்பறைக்குள் நுழைபவர், அருகிலுள்ள ஆசிரியரிடம் கேட்கத் தயங்கமாட்டார்; புரியவில்லை என்று சொல்லும் மாணவரிடம் சினம் கொள்ளமாட்டார். எஞ்சிய முக்கால் பங்கை அவர்கள் பெறுவதற்குரிய நேரத்தையும் துணையையும் அளிக்க வேண்டியது, அவர்களை நம்பிக் குழந்தைகளை ஒப்படைக்கும் அரசின், சமூகத்தின் கடமையாகும்.